வீடு எத்தனை வருஷம் பொறுக்கும்? விமான மின்னணுச் சோதனை வேலைக்கு நான்கு வழிகள்

ஏப்ரல் 15 அன்று எங்கள் பக்கம் விசைப்படகுகள் கரையோடு நின்றுவிடும். ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். பிளஸ் டூ முடிவு வருவதும் கல்லூரிகள் முதல் தவணை கேட்கத் தொடங்குவதும் அந்த நாட்களை ஒட்டித்தான். படகு நிற்கிறபோது பணம் கேட்டால் வீட்டில் இருப்பது நகை மட்டும்தான்.

என் அண்ணன் மண்டபத்தில் விசைப்படகுக்குக் கூலியாகப் போகிறவர். அவர் மகள் அரசுப் பள்ளியில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்துப் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நான் பெங்களூருவில், விமானத்திலிருந்து கழற்றி வருகிற மின்னணுக் கருவிகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் பட்டறையில் 13 வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். மருமகளுக்கு இதே வேலைதான் வேண்டுமாம். “அத்தை, எந்தப் படிப்புல சேர்ந்தா உங்க மேசைக்கு வரலாம்?” என்று கேட்டாள். மதினி போனைப் பிடுங்கி, “எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம் ஆகும், அத மட்டும் சொல்லுங்க” என்றார். மதினியின் கேள்விதான் சரியான கேள்வி. அன்று போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் இதே கேள்வியோடு பிள்ளைகள் இருப்பார்கள்.

விமானம் என்றால் நம் கடற்கரையில் இரண்டு உருவம்தான் மனதில் வரும். ஒன்று, ராமேசுவரத்தில் பிறந்து குரோம்பேட்டை எம்ஐடியில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம். இன்னொன்று, உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து தலைக்கு மேலே போகிற விமானி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிறார். ரேடியோ பேசுகிறதா, உயரமானி சரியாகச் சொல்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவர். அவரைப் பற்றி நம் ஊரில் பேச்சே கிடையாது. எம்ஐடியில் சேரப் பணமில்லாதபோது கலாமின் அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததை மட்டும் எல்லா வீட்டிலும் சொல்கிறோம். அதைச் சொல்லித்தான் அம்மாக்கள் சங்கிலியைக் கழற்றுகிறார்கள். கழற்றுவதற்கு முன்னால் எந்த வழிக்கு எவ்வளவு, எத்தனை வருஷம் என்று உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

வேலை எப்படி இருக்கும்

விமான மின்னணுச் சோதனை மூன்று இடங்களில் நடக்கிறது. விமானத்தின் மேலேயே நடப்பது முதலாவது. ரேடார் கேட்டால் தானாகப் பதில் அனுப்புகிற டிரான்ஸ்பாண்டருக்கு 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி அனுப்பி 1090இல் பதில் வருகிறதா என்று பார்ப்பார்கள். உயரமானிக்கும் வேகமானிக்கும் காற்றழுத்தம் கொண்டுபோகிற குழாய்களில் கசிவு உண்டா என்று பார்ப்பார்கள். பயணிகள் விமானம் பகலில் ஓடிச் சம்பாதிக்கும், அதனால் இந்த வேலையில் பெரும்பகுதி இரவில்தான். இரண்டாவது, கழற்றிய யூனிட் வந்து சேர்கிற பட்டறை மேசை. மூன்றாவது, புதிதாகத் தயாரிக்கிற தொழிற்சாலையின் சோதனைப் பிரிவு. அங்கே ஒரே யூனிட்டை, ஒரே வயர்க் கட்டை, ஒரே பட்டியல்படி நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். பொறுமை இருந்தால் நல்ல வேலை. கற்றுக்கொள்வது ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

எனக்குத் தெரிந்தது மேசை, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலையில் முதலில் மணிக்கட்டுப் பட்டை. அதை மாட்டிக்கொண்டு சோதிக்கிற பெட்டியில் விரலை வைத்து, பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் யூனிட்டைத் தொடலாம். உடம்பில் சுமார் 3,000 வோல்ட் நிலைமின்சாரம் ஏறினால்தான் நமக்குச் சுள்ளென்று தெரியும். சில சில்லுகள் போவதற்கு 100 வோல்ட்டே போதும். மண்டபத்து ஈரக்காற்றில் வளர்ந்த எனக்கு இது முதலில் பிடிபடவில்லை. பெங்களூருவில் முதல் ஜனவரி மாதம் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று கேட்டதே, அன்றைக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். பெரிய விமானங்களில் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், கூடவே 28 வோல்ட் டிசி. அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்பார்மருக்குத் தேவையான இரும்பு குறையும், எடை குறையும், அதற்காகத்தான் 400. அந்த மின்சாரத்தில் ஓடுகிற கருவி வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் மாறினால் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே எங்களுக்குத் தலை திரும்பிவிடும்.

ஒரு முறை ஒரே டிரான்ஸ்பாண்டர் மூன்று தடவை எங்களிடம் திரும்பி வந்தது. தரையில் சரியாக இருக்கிறது, மேலே போனால் பதில் விட்டுவிட்டு வருகிறது என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். மேசையில் வைத்தால் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். பழுது இல்லை என்று எழுதி இரண்டு தடவை அனுப்பினோம். மூன்றாவது தடவை குளிர்ப்பெட்டிக்குள் வைத்து வெப்பநிலையை மெதுவாக இறக்கினேன். மைனஸ் 20ஐத் தாண்டியதும் வெளிவரும் சக்தி சட்டென்று சரிந்தது. வெளியே எடுத்து ஆண்டெனா கனெக்டரின் அடியை நுண்ணோக்கியில் பார்த்தால், சால்டரில் பின்னைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வளையம், ஒரு விரிசல். சூட்டில் ஒட்டிக்கொள்ளும், குளிரில் விலகும். அதைக் கண்டுபிடித்த அன்று இரவு அண்ணனுக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் அதையேதான் சொன்னேன். இந்தச் சந்தோஷம் யாருக்கு வேண்டுமோ, அவர்களுக்குத்தான் இந்த வேலை.

நம் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் கையிருப்பாகவே சில விஷயங்கள் உண்டு. விமான வயர்களில் பெரும்பாலானவை வெள்ளை நிறம். நிறத்தை வைத்து அடையாளம் பார்ப்பதில்லை, வயரின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும். அந்த வயர்களைக் கட்டாகக் கட்ட மெழுகு பூசிய தட்டை நூல் உண்டு. சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினார். கம்பத்தில் படகுக் கயிற்றைச் சுற்றிப் போடுகிற அதே முடிச்சு, அதன் மேல் பூட்டுவதற்கு இன்னொன்று. கூட இருந்தவர்கள் ஒரு வாரம் பழகியதை நான் அன்றே கட்டிக்கொடுத்தேன். உப்பும் அப்படித்தான். கருவி கடல் காற்றைத் தாங்குமா என்று பார்க்க, ஐந்து சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் மூடுபனியாக அடிக்கிற பெட்டி ஒன்று உண்டு. வெளியே எடுக்கும்போது கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அந்தப் பூச்சு தேறவில்லை. படகு பேட்டரி முனையிலும் ஜிபிஎஸ் வயரிலும் அதே பச்சையைப் பார்த்து, சுரண்டி, கிரீஸ் தடவி வளர்ந்த பிள்ளைக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாலிநோக்கத்து உப்பளக் காற்றடித்தால் இரும்பு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

கையெழுத்து யாருடையது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். விமானத்தைப் பறக்கலாம் என்று விடுவிக்கிற கையெழுத்துக்கு, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தருகிற உரிமம் வேண்டும். மின்னணுப் பிரிவுக்கு அது பி2 உரிமம். அது ஆளின் பெயரில் இருக்கிறது, வேறு கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். பெரிய விமானம் என்றால் அந்த ரகத்துக்கான தனித் தகுதியும், வேலை பார்க்கிற நிறுவனத்தின் அனுமதியும் அதற்கு மேல் வேண்டும். பட்டறையில் ஒரு யூனிட்டை விடுவிக்கிற கையெழுத்து வேறு மாதிரி. அது நிறுவனம் தன் நடைமுறைப்படி பயிற்சி கொடுத்து, பார்த்து, தருகிற அதிகாரம். வேலையை விட்டால் அந்த முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கையில் மிஞ்சுவது அனுபவமும் நாம் எழுதி வைத்திருக்கிற பதிவும் மட்டும்.

உரிமக்காரருக்குச் சம்பளமும் மதிப்பும் கூடுதல். அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து கைக்கு வரும்வரை வீடு பொறுக்குமா என்பதைப் பார்க்காமல் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

பி2 உரிமப் படிப்பு

இதற்குப் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் பி2 அடிப்படைப் படிப்பு 2,400 மணி நேரம். மின்சாரம், மின்னணு, டிஜிட்டல் நுட்பம், பராமரிப்பு முறை, மனிதக் காரணிகள் (வேலை செய்கிற ஆளிடம் தவறு ஏன் நேர்கிறது என்கிற பாடம்), விமானச் சட்டம் என்று பாடம் பாடமாகத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 75 சதவீத மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. அதோடு முடியாது. ஓடுகிற விமானத்தில் பராமரிப்பு அனுபவம் வேண்டும். அங்கீகரித்த படிப்பை முடித்தவருக்கு 2 வருஷம், வேறு தொழிற்பயிற்சி பெற்றவருக்கு 3, எதுவும் இல்லாமல் தேர்வை மட்டும் எழுதுகிறவருக்கு 5 வருஷம்.

கட்டணம் தனியார் நிறுவனங்களில் லட்சங்களில்தான். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் தனி. எப்படிப் பார்த்தாலும் முழுச் சம்பளம் வீட்டுக்கு வர நான்கு வருஷம் ஆகும். பாடத்தில் சறுக்கினால் இன்னும் தள்ளும்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி இந்த வழியில் போனாள். அவள் சேர்ந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் விமானத்தோடு படம் இருந்தது. அங்கே போன பிறகுதான், இயந்திரப் பிரிவுக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கிறது, மின்னணுப் பிரிவுக்கு இல்லை என்று தெரிந்தது. இரண்டு வருஷம் ஒரு விமானக் கூடத்திலும் இடம் கிடைக்கவில்லை. அவள் அப்பா அந்தக் கடனை அடைக்க ஏழு வருஷம் ஆயிற்று. அந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு மனசு கலங்கும். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இது. டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெயர் இருந்தால் போதாது, அதில் பி2 இருக்கிறதா, எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். அனுபவ காலத்துக்கு எந்த விமானக் கூடத்தோடு ஒப்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வழியில் இன்னொரு ஆபத்து, எல்லாம் ஒரே தொழிலில் போய் நிற்பது. 2012இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட். 2020இல் மார்ச் கடைசியிலிருந்து மே 25 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானங்களே பறக்கவில்லை. விமான உரிமத்தை வைத்துக்கொண்டு வேறு தொழிற்சாலையில் போய் நிற்பது கஷ்டம்.

டிப்ளமோ, பிறகு அப்ரண்டிஸ், பிறகு மேசை

நான் வந்தது இந்த வழியில். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருஷ மின்னணுவியல் டிப்ளமோ. பிளஸ் டூவில் கணக்கும் அறிவியலும் எடுத்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது எங்கள் ஊரில் பல பேருக்குத் தெரியாது. அப்படிச் சேர்ந்தால் இரண்டே வருஷம். அரசு, அரசு உதவி பெறும் பாலிடெக்னிக்கில் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். நம் பக்கத்துக்குக் காரைக்குடியும் மதுரையும் எட்டுகிற தூரம். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. டிப்ளமோவுக்கும் இது உண்டு.

டிப்ளமோ முடிந்ததும் ஒரு வருஷ அப்ரண்டிஸ். 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுத்தாக வேண்டும். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. டிப்ளமோக்காரருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் உதவித்தொகை என்று 2019 விதித் திருத்தத்தில் வைத்தார்கள். பெங்களூரு வாடகைக்கு அது காணாது, நான்கு பேர் ஒரு அறையில் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வருஷத்தில்தான், மின்சைகையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஆஸிலாஸ்கோப்பைப் பயமில்லாமல் தொடக் கற்றுக்கொண்டேன். மீட்டர் சரியாக அளக்கிறதா என்று சோதித்து ஒட்டுகிற அளவுத்திருத்த ஸ்டிக்கரில் தேதி கடந்த மீட்டரில் எடுத்த அளவு எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது என்பதையும் அங்கேதான் கற்றேன். தேதியைப் பார்க்காமல் அரை நாள் சோதனை செய்து, அத்தனையையும் மறுபடி செய்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை முதலில் ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறேன்.

அதன் பிறகு வேலை எங்கே? விமானம் தயாரிக்கிற பொதுத்துறை நிறுவனம் ஹெச்ஏஎல்லுக்கு ஐதராபாத்தில் விமான மின்னணுப் பிரிவு 1965இலிருந்து இருக்கிறது. பெங்களூருவில் பாதுகாப்பு மின்னணுக் கருவிகள் தயாரிக்கிற பிஇஎல் இருக்கிறது, சுற்றிலும் தனியார் பட்டறைகள் நிறைய. நம் மாநிலத்தில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு ஐந்து முனைகள் வைத்திருக்கிறார்கள்: சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. நம் கடற்கரை அதில் இல்லை, ஊரைவிட்டுத்தான் போக வேண்டும். ஹெச்ஏஎல் டெக்னீஷியன் அறிவிப்புகள் பல நான்கு வருஷ ஒப்பந்த வேலை. நிரந்தர அரசு வேலை என்று நினைத்து யாரும் போகக் கூடாது, அறிவிப்பை முழுதாகப் படிக்க வேண்டும்.

சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். முதல் ஐந்து வருஷம் நான் அனுப்பிய பணம் வீட்டுக்கு அரிசிக்கும் மருந்துக்கும் சரியாக இருந்தது, அதற்கு மேல் இல்லை. ஆனால் அதையாவது அனுப்ப முடிந்தது. விமானத் தொழில் படுத்தாலும் மல்டிமீட்டர் பிடித்த கைக்கு ஓசூரில் மின் வண்டி, மருத்துவக் கருவி, கார் மின்னணு என்று வேறு மேசைகள் இருக்கின்றன.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேசையில் பத்து வருஷம் உட்கார்ந்தாலும் அந்த அனுபவத்தை மட்டும் வைத்து பி2 உரிமம் வாங்க முடியாது. ஓடுகிற விமானத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும், அதிலும் ஒரு வருஷமாவது அண்மைக் கால அனுபவமாக இருக்க வேண்டும். பட்டறையில் சேர்ந்து பிறகு உரிமம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் நம்பாதீர்கள். நடுவில் ஒரு முறை விமானக் கூடத்துக்கு மாறித்தான் ஆக வேண்டும். நான் மாறவில்லை. அப்போது அம்மாவுக்கு மருந்துச் செலவு, இரவு வேலைக்குப் போகிற மனநிலை இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அக்னிவீர்

உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து 2009 ஜூலை 26இலிருந்து முழு விமானத்தளமாக இருக்கிறது. 2012 ஏப்ரலில் ஆளில்லா விமானப் பிரிவும் அங்கே வந்தது. அதனால் நம் ஊரில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது: தளம் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைக்கு அங்கேயே வேலை கிடைக்கும் என்று. அப்படிக் கிடையாது. கடற்படையில் சேர்ந்தால் நாடு முழுக்க எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். எந்தத் தொழிற்பிரிவு என்பதும் நம் கையில் இல்லை. விமான மின்னணு கேட்டு வேறு பிரிவு கிடைத்தால் மறுக்க முடியாது.

அக்னிவீர் என்பது முப்படைக்கும் ஆள் எடுக்க 2022இல் வந்த திட்டம். வயது 17½ ஆகியிருக்க வேண்டும், மேல் வரம்பும் உண்டு, பெண்களும் சேரலாம். நான்கு வருஷம். முதல் வருஷம் மாதம் 30,000, நான்காவது வருஷம் 40,000. அதில் முப்பது சதவீதம் பிடித்து வைப்பார்கள், ஆக முதல் வருஷம் கைக்கு வருவது 21,000. அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் தருகிறது. ஓய்வூதியம் இல்லை. நிரந்தரமாக வைத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை.

பணக்கணக்கில் மட்டும் பார்த்தால் இந்த நான்கு வழிகளில் வீட்டுக்கு முதலில் காசு வருவது இதில்தான். கட்டணமே இல்லை, முதல் மாதத்திலிருந்து சம்பளம். கடன் கழுத்தை நெரிக்கிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். ஆனால் நமக்கு வேண்டியது சோதனை டெக்னீஷியன் வேலை என்றால், இதை நம்பி அந்த வேலையைத் திட்டமிட முடியாது. சீருடை வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை தாராளமாகப் போகலாம். மேசை வேண்டும் என்கிற பிள்ளைக்கு இது சுற்று வழி.

பிஇ

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் 2021இலிருந்து இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதி, கலந்தாய்வு எல்லாம் அரசே கட்டுகிறது. இது வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. டிப்ளமோதான் மலிவு என்று நான் பத்து வருஷம் முன்னால் சொல்லியிருப்பேன், இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு பிஇ அதைவிட மலிவு. மிச்சம் இருப்பது காலம்: நான்கு வருஷம் சம்பளம் வராது. பிஇ முடித்தவர்களை டெக்னீஷியன் வேலைக்கு எடுக்கப் பல பட்டறைகள் தயங்குகின்றன, ஒரு வருஷத்தில் போய்விடுவார்கள் என்று. அவர்கள் சோதனை மென்பொருள் எழுதுகிற பக்கம், வடிவமைப்புப் பக்கம் போகலாம். அது வேறு வேலை, நல்ல வேலையும்கூட. வீடு நான்கு வருஷம் பொறுக்கும் என்றால், லட்சம் கட்டி உரிமப் படிப்பில் சேர்வதற்கு முன்னால் இதைத்தான் நான் பார்ப்பேன்.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்தில் மாமாமார்கள் துபாயிலும் தோஹாவிலும் இருப்பார்கள், “பிள்ளைய இங்க அனுப்பு” என்பார்கள். அங்கே விமான வேலைக்கு அந்தந்த நாட்டு விமானத்துறையின் உரிமம் கேட்பார்கள், கூடவே அனுபவப் பதிவும். எந்த வழியில் போனாலும் முதல் நாளிலிருந்து செய்த வேலையைத் தேதி போட்டு எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் முதல் மூன்று வருஷம் வாங்கவில்லை. அந்த மூன்று வருஷம் காகிதத்தில் இல்லாமலே போயிற்று.

அண்ணன் வீட்டுக்கு நான் சொன்னது

அண்ணனுக்குப் படகில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கடன் இருக்கிறது, ஆனால் வட்டி கட்ட முடிகிற அளவில். சின்னவன் ஒன்பதாவது படிக்கிறான், மூன்று வருஷத்தில் அவனுக்கும் படிப்புச் செலவு வரும். ஆக இந்த வீடு மூன்று வருஷம் பொறுக்கும், நான்கு பொறுக்காது. பிள்ளைக்கு ஆள் கூட்டம் பிடிக்காது, ஒரு பொருளை எடுத்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவாள். படகு வயர்லெஸ் செட் கரகரத்தபோது அதைப் பிரித்து, ஆண்டெனா வயரில் உப்பு ஏறிய இடத்தை அவளே கண்டுபிடித்தாள். அதனால் நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோ, பிறகு அப்ரண்டிஸ் என்று சொன்னேன். கையில் ஒரு வேலை வந்த பிறகு, டிப்ளமோவை வைத்து பிஇ இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது. விமானக் கூடத்துக்கு மாறி உரிமத்துக்குப் போகவும் வழி இருக்கிறது. அதற்கு அவளை நான் தள்ளுவேன்.

இதே பிள்ளை, வெளிநாட்டு வருமானம் உள்ள கீழக்கரை வீட்டில் பிறந்து, இரவில் விமானத்துக்கு அடியில் டார்ச் பிடித்து நிற்கப் பிரியப்பட்டால், பி2 படிப்பில் சேர் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். அரசுப் பள்ளி மாணவியாக நல்ல மதிப்பெண்ணோடு, வீட்டில் சம்பாதிக்கிற அண்ணன் ஒருவன் இருந்தால், பிஇ. எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக் கடன் சீட்டையும் தம்பி தங்கைகளின் வயதையும் எடுத்து வைத்துப் பாருங்கள்.

மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “பொம்பளப் பிள்ள, அவ்வளவு தூரம் தனியா இருந்துருமா?” என் பட்டறையில் மேசைகளில் பாதிக்குமேல் பெண்கள்தான், பகல் வேலை, ஐந்தரைக்கு வெளியே வந்துவிடலாம் என்றேன். பாலிடெக்னிக் விடுதியில் இரண்டு வருஷம் இருந்து பழகிவிட்டால் பெங்களூரு பெரிதாகத் தெரியாது, முதல் வருஷம் என் அறையிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன். அண்ணன் குறுக்கே பேசவில்லை. பின்னால் வலைக் கட்டை இழுக்கிற சத்தம் கேட்டது.

நேற்று மருமகள் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டாள். விண்ணப்பத்தில் முதல் விருப்பம் காரைக்குடி, இரண்டாவது மதுரை. சாதிச் சான்றிதழில் அண்ணன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறதாம். அதைத் திருத்தத் திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போகிறார்கள். படகு ஜூன் 15 கடலுக்குப் போவதற்குள் அது கைக்கு வந்துவிட வேண்டும்.